உன்னை யார் அனுப்பினது?

“கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன். பிளேடு கையில இருக்கு.”

“நீ உன் வேலையைப் பாரு டைலர், நான் என் வேலையைப் பாக்குறேன்” என்றார், தையல் மெஷினோடு வாழ்கிற அவளை அப்படியே கூப்பிட்டுப் பழகிய கணவர், சோப்பு நுரைக்குள்ளிருந்து. “இதோ, வலது கன்னத்துல வேகமா முன்னேறுறாங்க... தாடையோரம் ஒரு பயங்கரமான வளைவு... சமாளிப்பாங்களா? ரசிகர்கள் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க...”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் வெட்டும். ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் முக்கிவிட்டுச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

நேற்று முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஸ்பூனில் கொடுத்த தண்ணீர்கூடக் கடைவாயில் வழிந்தது. இன்று விடிந்ததும் கண்ணைத் திறந்தவர், “மூஞ்சி ஏன் முள்ளுக்காடா இருக்கு? ஷேவ் பண்ணி விடு. அந்தக் கோடு போட்ட சட்டையை எடு” என்று ஆரம்பித்துவிட்டார். காலையில் வந்த நர்ஸிடம் அவள் பெருமையாகச் சொன்னாள், “இன்னிக்கு எவ்வளவு தெம்பா இருக்காரு பாத்தீங்களா?” நர்ஸ் முகத்தில் அந்தச் சந்தோஷம் ஏறவில்லை. நாடி பார்த்தாள். கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள். ஆக்சிஜன் மெஷினின் குமிழைக் கொஞ்சம் திருகினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்தி, “சில பேருக்கு இப்படி ஒரு நாள் வரும்மா. சொல்ல வேண்டியவங்களுக்கு இன்னிக்கே சொல்லிருங்க” என்றாள்.

எவ்வளவு தாழ்த்தி என்ன? அந்த உடம்பில் பழுதாகாமல் மிச்சமிருந்ததே காதும் வாயும்தான்.

“அண்ணனுக்குச் சொல்லிரு” என்றார் இப்போது.

ரேசர் நின்றது. கழுத்தில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி முளைத்து நுரையில் கரைந்தது.

“யாருக்கு?”

“எனக்கு என்ன அண்ணன்மாரு ஒரு டீமா இருக்காங்க? ஒருத்தர்தான். விசில்.”

அவள் புள்ளியைத் துண்டு நுனியால் ஒற்றி எடுத்தாள். மீதிக் கன்னத்தையும் மழித்து முடித்தாள். கோடு போட்ட சட்டையைப் போட்டுவிட்டு, மூக்குக் குழாயைச் சரிசெய்து, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். போகும்போது, “சரி” என்றாள்.

அண்ணனும் தம்பியும் கால்பந்துக்குப் பிறந்தவர்கள் என்றாலும் இருவரும் பந்தை உதைத்தவர்கள் இல்லை. அண்ணன் நடுவர், ஊருக்கு அவர் விசில். தம்பி ரேடியோவில் ஆட்டத்தை நேர்முகமாகச் சொல்கிறவர். ஊருக்கு அவர் மைக். ஒருவர் ஊதினால் மைதானம் நிற்கும், இன்னொருவர் வாயைத் திறந்தால் சலூனும் டீக்கடையும் பஸ்ஸும் நிற்கும். பல வருஷம் ஒரே சைக்கிளில்தான் மைதானத்துக்குப் போய் வந்தார்கள். ஒரு இறுதிப் போட்டியில் அண்ணன் கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி கொடுத்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தம்பிக்கு வாயில் சனி. “நடுவருக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் பட்டன் தைத்திருக்கிறார்கள் நேயர்களே!” என்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி கத்திவிட்டார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு விட்டதா? அன்றிலிருந்து அண்ணன் தெருவில் நடந்தால் பொடிசுகள்கூட “பட்டன்! பட்டன்!” என்றன. அண்ணன் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அடுத்த ஊருக்குக் குடிபோனார், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

அதுவரைக்கும் அவளுக்கு மூத்தவர்மேல் பெரிய கோபம் இல்லை. வாய்க்கொழுப்பு தன் கணவருடையதுதான் என்று நாலு பேர் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள்.

ஆனால் அந்த அம்மா இறந்தபோது அண்ணன் தம்பிக்குச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் திரும்பிப் போய், பந்தலும் பிரித்த பிறகு, மார்க்கெட்டில் எவனோ ஒருவன் “உங்கம்மா பாவம், நல்ல மனுஷி” என்று துக்கம் கேட்டுத்தான் இவருக்குத் தெரிந்தது. கையில் தக்காளிப் பையோடு வந்து, பையை வைக்காமலே ஹாலில் நின்றார். வாயை வைத்துப் பிழைத்த மனிதர் வாய் திறக்காமல் நின்றதை அவள் அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள். பெற்றவள் முகத்தைக்கூடப் பார்க்க விடாத பாவி என்று அன்று அவள் மனதில் ஒன்று விழுந்தது. துணியில் விழுந்த எண்ணெய் மாதிரி, எத்தனை துவைத்தும் போகவில்லை.

அவருக்குத் தூக்கம் போனது. எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

“மண்டைக்குள்ள ஒருத்தன் உக்காந்து நிறுத்தாம கமெண்ட்ரி சொல்றான் டைலர். ‘உங்கண்ணன் என்ன பண்ணான் தெரியுமா, உங்கண்ணன் என்ன பண்ணான் தெரியுமா’ன்னு அதையே திருப்பித் திருப்பி. இவனை யாரு வேலைக்கு வெச்சது? சம்பளம் யாரு குடுக்குறா?”

மாத்திரை சாப்பிட்டார். நடைப்பயிற்சி போனார். எதற்கும் அந்தக் குரல் அடங்கவில்லை. கடைசியில் பீரோவின் மேல்தட்டில் பூச்சி உருண்டைகளோடு கிடந்த, கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த சாமி புத்தகத்தை எடுத்தார். அவர் அப்படியொன்றும் கும்பிடுகிற ஆள் இல்லை. அதனாலோ என்னவோ, பக்தியாகப் படிக்கவில்லை. புதிதாக வந்த ஆட்ட விதிகளைப் படிக்கிற மாதிரி பென்சிலும் கையுமாகப் படித்தார். ஒரு நாள் தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

“டைலர்! இதுல கோட்டை வருது, படை வருது, எதிரி வர்றான். எல்லாரும் ஏதோ பழைய காலத்துச் சண்டைன்னு நினைச்சிட்டு இருக்காங்க. இல்லவே இல்ல! மைதானம் இங்க இருக்கு!” என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். “எதிரியும் இங்கதான். கோட்டையும் இங்கதான். ராஜா நான்தான், நான்தான் தூங்கிட்டு இருந்திருக்கேன்!”

“ராஜா, அந்த நூல்கண்டை எடுங்க” என்றாள் அவள்.

ஒரே நாளில் ஆள் மாறிவிடவில்லை. ஆனால் முயன்றார், அதுவும் தன் பாணியில். பஸ்ஸில் ஒருவன் காலை மிதித்துவிட்டால் அவர் காது சிவக்கும். உடனே முணுமுணுப்பு ஆரம்பித்துவிடும்: “இதோ கோபம்... நடுக்களத்துலேந்து கிளம்பியாச்சு... என்ன ஒரு வேகம்... ஆனா பாதுகாப்பு வீரர் எழுந்துட்டார்...” மிதித்தவன் பயந்துபோய் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்குவாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. ஏனென்றால் அவர் தூங்க ஆரம்பித்துவிட்டார். விழித்துக்கொண்டு கிடந்தது அவள்.

அவருக்குக் கண் மங்கியதும் படித்துச் சொல்லும் வேலை அவளுக்கு வந்தது. வாய் வரியைப் படிக்கும்; மனசு எங்கேயோ ஒரு சட்டைக்குக் காஜா தைத்துக்கொண்டிருக்கும். “டைலர், அங்க முற்றுப்புள்ளி இருக்கு, ரயில் மாதிரி போகாத” என்பார். அவருக்குப் பெரும்பாலும் மனப்பாடம். ஆனாலும் அவள் குரலில் கேட்கவேண்டும்.

அடுப்படியில் அவள் போனைக் கையில் எடுத்தாள். மூத்தவர் நம்பர் இருந்தது. மகள் எப்போதோ ஏற்றி வைத்தது.

சொல்லாவிட்டால் என்ன?

அந்த எண்ணம் திருடன் மாதிரி வரவில்லை. சொந்தக்காரன் மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக உள்ளே வந்து உட்கார்ந்தது. நாளைக்கோ நாளன்றைக்கோ யாரோ ஒருவன் மார்க்கெட்டில் போய் அந்த மனுஷனிடம் சொல்லட்டும். அவரும் கையில் பையோடு நிற்கட்டும். கூடப் பிறந்தவன் முகத்தைப் பார்க்க முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று தெரியட்டும். நியாயம்தானே? தராசில் வைத்தால் இரண்டு தட்டும் சமம்தானே? நெஞ்சு படபடவென்று அடித்தது. அது பயமில்லை. ஆசை. அத்தனை வருஷமாகக் காத்திருந்தது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிறபோது வரும் படபடப்பு. அதை அவளே அறிந்தாள்.

போனை மேடைமேல் வைத்தாள். அறைக்குத் திரும்பினாள்.

“பேசினியா?”

“எடுக்கல. ரிங் போயிட்டே இருக்கு.”

அவர் அவளைப் பார்த்தார். மங்கிய கண் எவ்வளவு பார்க்கும் என்று அவளுக்குத் தெரியாது.

“சரி” என்றார். “எடுக்கும்போது எடுக்கட்டும். நீ படி.”

அவள் புத்தகத்தை எடுத்தாள். அடையாளத்துக்கு வைத்திருந்த பட்டுநூல் துண்டு இருந்த இடத்தில் திறந்தாள். கோட்டை வாசல் காவலனைப் பற்றிய பகுதி. அவருக்கு ரொம்பப் பிடித்தது, அவள் எத்தனையோ முறை ரயில் மாதிரி ஓட்டிவிட்டுப் போனது.

“‘பகலில் வந்தவர்கள் உண்டு. வேஷம் போட்டு வந்தவர்கள் உண்டு. உறவு சொல்லி வந்தவர்களும் உண்டு. காவலன் ஒருவர்மேலும் வாளை உருவவில்லை. ஒருவரையும் உள்ளே அழைக்கவும் இல்லை. நீ யார் என்று கேட்டான். உன்னை அனுப்பியது யார் என்று கேட்டான். அனுப்பியவரின் பெயரைச் சொல்ல முடியாதவர்கள்...’”

நின்றுவிட்டாள்.

“‘வாசலிலேயே மெலிந்து மறைந்தார்கள்’” என்று அவர் கண்ணை மூடியபடி முடித்துவைத்தார். “ஏன் நிறுத்திட்ட?”

உன்னை யார் அனுப்பினது?

அடுப்படியில் சொந்தக்காரன் மாதிரி வந்து உட்கார்ந்த அந்த எண்ணத்தை அவள் கேட்டாள். அவருக்காகத்தான் வந்தேன் என்றது அது. அவள் கட்டிலைப் பார்த்தாள். அவரா அனுப்பினார்? மழித்த கன்னம் பளபளக்க, கோடு போட்ட சட்டையின் காலர் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு, அண்ணன் வருவார் என்று தலையணையில் சாய்ந்திருக்கிற மனுஷனா? அப்படியானால் மாமியாரா? தன் பிள்ளைகள் பேசிக்கொள்ள வேண்டும் என்று கண்ட தெய்வத்துக்கெல்லாம் வேண்டிக்கொண்ட அந்த அம்மாவா? யாரும் இல்லை. அவர் எப்போதோ வழியில் இறக்கி வைத்துவிட்டுப் போன மூட்டையை இவள் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அவருடையது, அவருடையது என்று இத்தனை நாள் சுமந்திருக்கிறாள்.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“தண்ணி குடிச்சிட்டு வர்றேன்.”

அடுப்படிக்கு நடந்து போகவில்லை, ஓடினாள். அவசரத்தில் முதலில் எரிவாயு ஏஜென்சிக்குப் போய்விட்டது போன். வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

“யாரு?”

“நான்தான்.”

அந்தப் பக்கம் எங்கோ நாய் குரைத்தது.

“இருக்கானா?” என்றது கிழக்குரல்.

“இருக்காரு. இன்னிக்கே வந்தா பாக்கலாம்.”

“மத்தியான ரயில் இருக்கு. வர்றேன்.” வைக்கப்போனவர், “என்னைப் பாக்கணும்னு சொன்னானா?” என்றார்.

“ஷேவ் பண்ணிட்டு உக்காந்திருக்காரு.”

அவள் வந்து சொன்னபோது கணவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். “லைன் கிடைச்சிருச்சா?”

“கிடைச்சிருச்சு.”

காலர் பொத்தானை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அதன்பிறகு அந்த வீட்டுக்குப் பிடித்தது ஒரு பரபரப்பு! நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற மகள், ஈரத்தலையோடு நேராக ரயில் நிலையத்துக்குக் காரை விட்டாள். அவளுக்கு அப்பனின் தொண்டை. போனை ஸ்பீக்கரில் போடத் தேவையே இல்லை, அறை முழுக்கக் கேட்டது.

“அம்மா, ரயில் இன்னும் வரல. லேட்டுன்னு போட்டிருக்கான்!”

“எவ்வளவு லேட்டுன்னு கேளு” என்று துள்ளினார் அவர். மூச்சு இழுத்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நின்று வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் விடவில்லை. “நேயர்களே... விருந்தினர் அணி... இன்னும் மைதானத்துக்கு வரல...”

“பேசாதீங்க. மூச்சை மிச்சம் பிடிங்க.”

“எதுக்கு மிச்சம் பிடிக்கணும்? வட்டி... குடுப்பாங்களா?”

அவர் நகக்கண்கள் நீலம் பாரித்திருந்ததை அவள் பார்த்தாள். மெஷினின் குமிழை நர்ஸ் காட்டிய அளவுக்குத் திருகினாள். ஜன்னலைத் திறந்தாள். மறுபடி சாத்தினாள். தன் வயசுக்கு அந்த அறையை அத்தனை முறை குறுக்கும் நெடுக்கும் நடந்திருக்கக் கூடாது. வரவே கூடாது என்று காலையில் நினைத்தவள்தான் இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “வந்துருங்க, வந்துருங்க” என்று தெருவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன் அலறியது. “வந்துட்டாரும்மா! பெரியப்பா வந்துட்டாரு! கையில ஒரு பைகூட இல்ல. வீட்டுச் செருப்போட வந்திருக்காரு!”

“வண்டியை எடு! எடு!”

“எடுத்துட்டேன்! பாலத்துகிட்ட ஜாம்!”

“கீழ்ரோட்டுல போகச் சொல்லு” என்றார் அவர், தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்கி. “மேல போனா... ஆப்சைடு...”

“கீழ்ரோட்டுல வாடீ!”

கார் வந்து நின்ற சத்தத்தை முதலில் கேட்டது அவர்தான். அவள் எட்டிப் பார்ப்பதற்குள், “கதவு ரெண்டும் சாத்தியாச்சு” என்றார். அப்போதுதான் அவளுக்கு லிப்ட் நினைவு வந்தது. காலையிலிருந்து வேலை செய்யவில்லை. நர்ஸே படியேறித்தான் வந்தாள். வீடு நாலாம் மாடி.

அவள் வாசலுக்கு ஓடிப் படிக்கட்டின் கைப்பிடி வழியாகக் கீழே பார்த்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு வழுக்கைத் தலை. மகள் ஒரு பக்கம் தாங்க, மறுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றுவிட்டிருந்தார். காலம் முழுக்க மைதானத்தில் ஓடிய முழங்கால், மடங்க மாட்டேன் என்றது. மார்பு ஏறி ஏறி இறங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மேலே பார்த்தார். அவளைப் பார்த்துவிட்டார். அசையவில்லை. படிதான் தடுக்கிறதா, அவள் தடுக்கிறாளா என்று தெரியாதவர்போல நின்றார்.

நில்லு. அங்கேயே நில்லு. இவ்வளவு தூரம் வந்து, இந்தப் படியில் நில்லு.

இதோ வந்துட்டான், என்றாள் அவள் மனசுக்குள். காலையில அடுப்படியில வந்து உக்காந்தவன் மறுபடி வந்துட்டான். வேஷம்கூட மாத்தல.

அந்த எண்ணத்தோடு அவள் சண்டைக்கு நிற்கவில்லை. அதற்கு நேரம் இல்லை. இரண்டிரண்டு படியாக இறங்கினாள். அவருடைய மறு கையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வேர்வையும் ரயில் புழுதியுமாக இருந்தது அந்தச் சட்டை.

“நல்ல காலை முதல்ல வைங்க. நான் பிடிச்சிருக்கேன்.”

மேலேயிருந்து, திறந்த கதவு வழியாக, விட்டுவிட்டு ஒரு குரல் வந்தது: “முழங்கால் மடங்காத... ஆட்டக்காரர்... ரெண்டாவது மாடியில...”

பெரியவருக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் எழுந்தது. “இன்னும் வாயைக் குறைக்கலையா இவன்?” என்று கேட்டுக்கொண்டே அடுத்த படியில் காலை வைத்தார்.

அறை வாசலில் அவர் நின்றார். கட்டிலில் இருந்தது பாதி ஆள். மீதியை நோய் எடுத்துக்கொண்டிருந்தது.

“டேய்” என்றார்.

“அண்ணே” என்றார் தம்பி. “அது பெனால்டி இல்லண்ணே.”

“பெனால்டிதான்டா. கையில பட்டுச்சு.”

“தோள்ல பட்டுச்சு!”

“கையிலடா! நான் பக்கத்துல நின்னேன். நீ மேல கண்ணாடிக் கூண்டுல டீ குடிச்சுக்கிட்டு இருந்த.”

“டீ அப்ப... தீர்ந்துபோச்சு...”

“பெரியப்பா, அவரைக் கத்த வெக்காதீங்க” என்றாள் மகள், அவர்கள் இரண்டு பேரையும்விடச் சத்தமாக.

பெரியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். தம்பியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“பட்டன்னு சொன்னது... தப்புண்ணே” என்றார் தம்பி. “ரொம்பத் தப்பு.”

“சரி விடு. என் பேரனுங்களே அப்படித்தான் கூப்பிடுறானுங்க.” தொண்டையைச் செருமினார். “அம்மா விஷயம்...”

அவள் கால்மாட்டில் நின்றிருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

தம்பி ஒரு விரலைத் தூக்கினார். “அது வாசல்ல நிக்குதுண்ணே. ரொம்ப நாளா நிக்குது. நிக்கட்டும். உள்ள கூப்பிடல.”

“இல்லடா. நான் சொல்லணும்.” பெரியவர் யாரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். “அன்னிக்கு ரேடியோவுல உன் மேட்ச். தலைமாட்டுல வைன்னு கையைக் காமிச்சா. வெச்சேன். பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சிருக்கேன். தூக்கி உக்கார வெச்சவன் நான், துடைச்சு விட்டவன் நான், ஊட்டினவன் நான். அவ என் மூஞ்சியப் பாக்கலடா. உன் குரலையே கேட்டுட்டு இருந்தா. ஆட்டம் முடியறதுக்குள்ள போயிட்டா. உனக்குச் சொல்லணும்னு போனை எடுத்தேன். அப்பவும் ரேடியோவுல நீ சிரிச்சிட்டு இருந்த. இவனுக்கு எதுக்குச் சொல்லணும், கடைசிவரைக்கும் அவகூட இருந்தது இவன் குரல்தானேன்னு ஒண்ணு தோணுச்சு பாரு... போனைக் கீழ வெச்சிட்டேன். அப்புறம் எடுக்கவே முடியல.”

அவள் தன் கையைப் பார்த்தாள். போன் இன்னும் அதில்தான் இருந்தது. மெல்ல அதை மேஜைமேல் வைத்தாள்.

தம்பி அழப்போகிறார் என்று மகள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். அவர் அழவில்லை. மங்கிய கண்கள் இரண்டும் விரிந்தன.

“கேட்டாளா? அம்மா நான் சொல்றதை... கேட்டுட்டா இருந்தா?”

“கேட்டா.”

“எந்த மேட்ச்ண்ணே அது? அரையிறுதியா?”

“ஆமா. மழை பேஞ்சுதே.”

“ஆமா! மழை! கோல்... கோல் விழுந்துச்சா?”

“ஒண்ணே ஒண்ணு. ஏழாம் நம்பர் போட்டது. நீ கத்துன கத்துல அவ கண்ணைத் திறந்தாடா.”

“திறந்தாளா!” அவர் எழுந்து உட்கார முயன்றார். அவள் ஓடிவந்து முதுகைத் தாங்கினாள். துணி மூட்டைபோல அத்தனை லேசாக இருந்தார், ஆனால் உள்ளே ஏதோ ஒன்று அதிர்ந்துகொண்டிருந்தது. “டைலர், கேட்டியா? கண்ணைத் திறந்தாளாம்! அண்ணே... அந்த கோலைச் சொல்லு. நான் சொன்ன மாதிரியே சொல்லு. எனக்கு மறந்துபோச்சு. எத்தனையோ கோல் சொல்லியாச்சு.”

“எனக்கு அதெல்லாம் வராதுடா. ஊதத்தான் தெரியும்.”

“சொல்லுண்ணே!”

பெரியவர் தயங்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார். நிச்சயம் அவருக்கு அது வரவில்லை. குரல் கரகரத்தது, ஏற்ற இறக்கம் தப்பியது. ஆனால் சொற்கள் ஒன்றுகூடத் தப்பவில்லை. அத்தனை வருஷமும் அவர் தலைக்குள்ளும் ஒருவன் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“‘மழை வலுத்துவிட்டது நேயர்களே... மைதானம் குளமாகிவிட்டது, பந்து உருளவில்லை, நீந்துகிறது... இதோ பின்களத்தில் ஒரு பிழை, பந்து பறிபோகிறது... யார் அங்கே? யார் வருவது?’”

தம்பியின் உதடுகள் அசைந்தன. முதலில் அண்ணனின் சொல்லுக்கு ஒரு சொல் முன்னால் ஓடின. பிறகு கூடவே வந்தன. பிறகு பின்தங்கின. முதுகைத் தாங்கியிருந்த அவளுடைய உள்ளங்கையில் மூச்சு நீளமாக ஒருமுறை ஏறி இறங்கியது. அவள் அடுத்ததுக்காகக் காத்திருந்தாள். கோடு போட்ட சட்டை அப்படியே இருந்தது. மெஷின் மட்டும் தன்பாட்டுக்குக் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில், யாரோ நல்ல சேதி சொல்லி இன்னும் முடிக்காததுபோல் ஒரு ஆவல் இருந்தது.

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அம்மா தலையை மெதுவாக அசைத்தாள். மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“‘...நடுக்கோட்டைத் தாண்டுகிறது பந்து... மழைத் திரைக்குள்ளிருந்து ஓர் உருவம்...’” பெரியவர் மூச்சு வாங்க நிறுத்தினார். மூடிய கண்ணோரம் நனைந்திருந்தது. மடியில் இருந்த கையை விடவில்லை. “கேக்குதாடா?” என்றார்.

அவள் கணவரை மெல்லத் தலையணையில் சாய்த்தாள்.

“கேக்குது மாமா” என்றாள். “சொல்லுங்க. அப்புறம்?”

பெரியவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, பந்தை ஏழாம் நம்பரின் காலுக்குக் கொண்டுபோனார்.